சீலிங்கில் கறை, மின்விசிறியடியில் சொட்டு: எங்கே பார்ப்பது, எப்போது திருத்துவது

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். கோண்டாவிலில் அம்மா தனியாக இருக்கிறார். வீட்டின் முன்பகுதி பழைய ஓட்டு வீடு. பின்பக்கத்தில் 1980களில் பிளாட் (தட்டையான கொங்கிறீட் கூரை) போட்டு இரண்டு அறையும் குசினியும் கட்டியிருக்கிறார்கள். கார்த்திகை மழையோடு பின்னறையின் மேலே ஒரு பழுப்பு வட்டம் தெரிந்தது. இப்போது மின்விசிறி மாட்டிய இடத்திலிருந்தே தண்ணீர் சொட்டுகிறது. மேசன் வந்து பார்த்துவிட்டு, உள்ளே கொத்திப் பூசி பெயின்ட் அடித்தால் சரி என்று சொல்லியிருக்கிறார். மகன் கனடாவில். காசு அனுப்பலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு அனுப்பாதீர்கள். முப்பது வருடமாக யாழ்ப்பாணத்தில் வீட்டு வேலைகளை நின்று பார்த்துச் செய்விப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உள்ளே பூசினால் தண்ணீர் நிற்காது. அது கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அடுத்த ஐப்பசியில் இரண்டு அடி தள்ளி இன்னொரு வட்டம் வரும். அதற்குள் தளத்தின் உள்ளே இருக்கும் கம்பி ஒரு வருடம் கூடுதலாகத் துருப்பிடித்திருக்கும்.

முதலில் இன்றிரவு செய்ய வேண்டியது. மின்விசிறியடியில் சொட்டுகிறது என்றால் அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தை மெயின் போர்டில் நிறுத்தச் சொல்லுங்கள். சுவரில் உள்ள சுவிச்சை அணைப்பது போதாது. கொங்கிறீட் தளத்துக்குள் வயர் போவதற்காகப் பைப் புதைத்திருப்பார்கள். மேலே விழுந்த வெடிப்பால் இறங்கும் தண்ணீர் அந்தப் பைப்புக்குள் புகுந்து, அது எங்கே திறக்கிறதோ அங்கே வெளியே வரும். மின்விசிறியும் லைட்டும் மாட்டும் இடங்கள்தான் அந்த வாய்கள். அதனால்தான் இத்தனை வீடுகளில் லைட்டடியில் ஒழுகுகிறது. ஒழுக்கு உண்மையில் அதற்கு நேர் மேலே இருக்க வேண்டியதில்லை. எந்த சுவிச் எந்த அறைக்கு என்று அம்மாவுக்குத் தெரியாவிட்டால் மெயின் சுவிச்சையே கீழே போட்டுவிட்டு, காலையில் வயர்மனைக் கூப்பிடட்டும். ஈரத் தரையில் நின்றபடி போர்டைத் தொடக்கூடாது. உலர்ந்த பலகை மேலே, செருப்போடு நிற்க வேண்டும். ட்ரிப் சுவிச் தானாக விழுந்திருந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிப் போட வேண்டாம். அது விழுந்தது தன் வேலையைச் செய்ததால்.

அந்த மின்விசிறியையும் கழற்ற வேண்டும். அது தொங்கும் கொளுக்கி கொங்கிறீட்டுக்குள் புதைத்த இரும்புக் கம்பி. வருடக்கணக்காக ஈரம் குடித்த கொளுக்கி வெளியே நல்லதாகத் தெரியும், உள்ளே அரித்திருக்கும். ஒரு வீட்டில் கழற்றிப் பார்த்தபோது, விரல் தடிப்பில் இருந்திருக்க வேண்டிய கம்பி தளத்தோடு சேரும் இடத்தில் பென்சில் அளவுக்கு மெலிந்து கிடந்தது. அதற்கு நேர் கீழே கட்டில். அம்மாவின் கட்டிலையும் இன்றே நகர்த்தச் சொல்லுங்கள்.

சரி, இனிக் கறையைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம்.

பழுப்பு வட்டத்தின் ஓரம்தான் எப்போதும் நடுவை விடக் கடும் நிறமாக இருக்கும். தண்ணீர் வரும் வழியில் துருவையும் தூசியையும் மரச்சாயத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. ஈரம் காயும்போது அவை ஓரத்தில் படிந்துவிடும். வட்டத்துக்குள் வட்டமாக மூன்று நான்கு வளையம் இருந்தால் இது இந்த மழையில் தொடங்கியதல்ல. பலமுறை நனைந்து பலமுறை காய்ந்திருக்கிறது. அம்மாவிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது ஏணியில் ஏற்றி, கறையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் திகதியும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு கறை கோட்டைத் தாண்டினால் ஒழுக்கு இப்போதும் இருக்கிறது. தாண்டாவிட்டால் நீங்கள் பார்ப்பது பழைய தழும்பு. இதற்குச் செலவே இல்லை. ஆனால் வாய்ப்பேச்சை விட நம்பலாம்.

வெள்ளையாக, தொட்டால் பொடியாக உதிர்ந்தால் அது உப்புப் பூத்தது. சீமெந்துக்குள் ஊடுருவும் நீர் உப்பைக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவந்து விட்டுக் காய்ந்துவிடும். கறுப்புப் புள்ளிகள் என்றால் பூஞ்சணம். ஈரமும் காற்றில்லாமையும் சேர்ந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே அது தொடங்கிவிடும். முட்டு, இழுப்பு உள்ள வயதானவர் அந்த அறையில் படுக்கக்கூடாது.

நான் அதிகம் பயப்படுவது இன்னொரு அடையாளத்துக்கு. மேலே துரு நிறத்தில் நேர்க்கோடுகள், ஏறக்குறைய ஆறு அங்குல இடைவெளியில் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகத் தெரிந்தால், அது தளத்தின் கம்பிகளே தங்கள் இருப்பிடத்தை வெளியே எழுதிக் காட்டுவது. இரும்பு துருவாகும்போது பருத்துவிடும். துரு தன் இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தம் கீழே மூடியிருக்கும் சீமெந்தைத் தள்ளி வெடிக்க வைக்கும். பிறகு ஒரு நாள் தட்டையான ஒரு துண்டு பெயர்ந்து விழும். மரக் கைபிடியாலோ ஒரு தடியாலோ மெதுவாகத் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் அந்த இடம் உள்ளே பிரிந்துவிட்டது. பொள்ளலாகக் கேட்கும் இடத்துக்கு நேர் கீழே நின்று தட்டக்கூடாது, தள்ளி நின்று நீளத்தடியால் தட்ட வேண்டும்.

நம் ஊரில் இந்தத் துரு சீக்கிரம் வருவதற்குக் காரணங்கள் உண்டு. உப்பு இரும்பின் எதிரி. குடாநாட்டைச் சுற்றிக் கடல். கழுவாத கடற்கரை மணலிலும் மணற்காடு போன்ற இடங்களின் மணலிலும் உப்பு இருக்கக்கூடும். அந்த மணலில் கலந்த கொங்கிறீட் முதல் நாளிலிருந்தே தன் கம்பியை அரிக்கத் தொடங்குகிறது. தீவகத்திலும் கடலோரத்திலும் சவர்க் கிணற்றுத் தண்ணீரில் சீமெந்து குழைத்த வீடுகளும் அப்படித்தான். குழைக்கும் தண்ணீர் நாக்கில் கரித்தால் அதைப் பாவிக்கக்கூடாது. வேறொன்றும் உண்டு. உங்கள் வீடு 1995 ஒக்டோபர் போர்க்கால இடப்பெயர்வைக் கண்ட வீடு. கோண்டாவில் அடங்கிய வலிகாமம் முழுவதும் வெறுமையானபோது எத்தனையோ கூரைகள் மாதக்கணக்கில் பார்ப்பாரற்று நனைந்தன. 1996 இல் திரும்பி வந்தவர்கள் கையில் இருந்ததைக் கொண்டு அவசரமாக ஒட்டுப்போட்டுக் குடியேறினார்கள். அந்த ஒட்டுகளுக்கு இப்போது ஏறக்குறைய முப்பது வயது. வீட்டின் கதையை அம்மாவிடம் கேளுங்கள்: எங்கே எதை மாற்றினோம், எந்தச் சுவர் புதிது என்று. ஒழுக்கு பெரும்பாலும் பழையதும் புதியதும் சேரும் இடத்தில்தான்.

உங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் கட்டாயம் இருக்கிறது: ஓட்டுக்கூரை முடிந்து பிளாட் தொடங்கும் பொருத்து. யாழ்ப்பாணத்தில் முன்னுக்கு ஓடும் பின்னுக்குப் பிளாட்டுமாக வளர்ந்த வீடுகள் ஏராளம். ஓட்டுக்கூரையில் விழும் தண்ணீர் முழுவதும் அந்தப் பொருத்தில் உள்ள பீலிக்கு (மழைநீர் ஓடும் தொட்டிக்கு) ஓடிவருகிறது. பீலியில் வேப்பிலையும் மாவிலையும் அடைத்தால் தண்ணீர் விளிம்பேறி, ஓட்டின் அடிவழியாகவும் சுவரின் தலைவழியாகவும் உள்ளே இறங்கும். கணக்கைப் பாருங்கள். 20க்கு 20 அடி கூரையில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், விழுவது 3,700 லீற்றர் தண்ணீர். அது முழுவதும் ஒன்றோ இரண்டோ பைப்வாயால் வெளியேற வேண்டும். யாழ்ப்பாணத்தின் வருட மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயலும் 2020 டிசம்பரில் புரெவியும் வந்தபோது, அடைத்த பீலி வைத்திருந்த வீடுகள் எவை என்று சீலிங்குகளே சொல்லின.

கறைக்கு நேர் மேலே ஒழுக்கைத் தேடாதீர்கள் என்று எவ்வளவு சொன்னாலும் போதாது. சாவகச்சேரியில் எங்கள் மாமி வீட்டில் கூடத்தின் நடுவே சொட்டியது. நாங்கள் அந்த இடத்துக்கு நேர் மேலே இருந்த ஓடுகளையெல்லாம் மாற்றினோம். அடுத்த மழையில் அதே சொட்டு. கடைசியில், முகட்டுக்குப் பக்கத்தில் தேங்காய் விழுந்து பிளந்த ஓர் ஓடு. அதன் வழியாக வந்த தண்ணீர் கைமரத்தின் அடிப்பக்கமாகவே பத்தடி ஓடிவந்து, ஓர் ஆணியில் தடக்கி விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து ஓட்டுக்கூரைக்கு ஒரே முறைதான்: பகலில் சீலிங்குக்கு மேலே ஏறி, விளக்கு இல்லாமல் இருட்டில் சற்று இருங்கள். ஓட்டை உள்ள இடம் வெளிச்சப் பொட்டாகத் தெரியும். பிறகு மரங்களில் நீர் ஓடிய தடத்தைக் கீழிருந்து மேலாகப் பின்தொடருங்கள். வடகீழ்ப் பருவக்காற்றில் மழை சாய்ந்து அடிப்பதால், வடக்குக் கிழக்குப் பார்த்த சரிவுகளை முதலில் பாருங்கள். காற்று அடிக்கும்போது மட்டும் ஒழுகி, நேர் மழையில் ஒழுகாவிட்டால் ஓடு உடைந்திருக்க வேண்டியதில்லை. மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறும் அளவு போதாமல் இருக்கலாம்.

மேலே போகும்போது மரத்தையும் ஒரு கூர்மையான ஆணியால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனஞ்சலாகை (பனைமரத்தில் வெட்டிய கூரைச் சட்டம்) ஈரத்தைப் பல காலம் தாங்கும். உள்பாகம் கலந்த இளம்பனை தாங்காது. நனைந்த மரத்தைத் தேடிக் கறையான் வரும். ஆணி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் ஓடுகளை மாற்றி என்ன பயன், மரத்தை மாற்ற வேண்டும்.

பிளாட் பகுதிக்கு வருவோம். மழையில் மட்டும் சொட்டுகிறதா, வெயில் நாளிலும் சொட்டுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. மூன்று நாள் மழை விட்டும் ஈரம் காயாவிட்டால் மேலே உள்ள தண்ணீர்த் தாங்கியைச் சந்தேகியுங்கள். இரவு படுக்கும்போது தாங்கியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் வால்வை மூடி, நீர்மட்டத்தை அடையாளம் வைத்து, காலையில் பாருங்கள். மட்டம் குறைந்தால் தாங்கியோ வால்வுக்கு மேலுள்ள பைப்போ கசிகிறது. மட்டம் அப்படியே இருந்து, வால்வைத் திறந்த பிறகு ஈரம் கூடினால் கீழே போகும் பைப்பில் கோளாறு. மோட்டரை நிறுத்த மறந்து வழியும் தாங்கியும் இதே வேலையைச் செய்யும். வழியும் பைப் தளத்தின் மேலேயே கொட்டுகிறதா என்று பாருங்கள்.

மழையில் மட்டும்தான் என்றால் தளத்தின் மேலே ஏறிப் பார்க்க வேண்டிய இடங்கள்: தண்ணீர் வெளியேறும் பைப்வாய், அதைச் சுற்றி உள்ள வெடிப்பு, தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, தாங்கியைத் தாங்கும் தூண்களின் அடி, அப்புறம் அன்ரெனா கட்டவோ உடுப்புக் காயவைக்கக் கம்பி கட்டவோ யாராவது அடித்த துளை. நடுத்தளத்து வெடிப்பை விட மூலைகளில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மழை விட்டு ஒரு நாள் ஆன பிறகும் தண்ணீர் தேங்கி நிற்கும் குழியைச் சோக்கட்டியால் வட்டமிடுங்கள். அந்தக் குழி ஒழுக்குக்கு மட்டும் வாசல் அல்ல. டெங்கு நுளம்பு தெளிந்த தேங்குநீரில் முட்டையிட்டு, ஏழு முதல் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். மழைக்குப் பிந்திய மாதங்களில் யாழ்ப்பாணத்தில் டெங்கு ஏறுவதற்கு இப்படித் தேங்கும் நீரும் ஒரு காரணம்.

சந்தேகம் தீராவிட்டால் தளத்தின் மேல் நீரைத் தேக்கிப் பார்க்கலாம். வெளியேறும் வாயைத் துணிப்பந்தால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திவிட்டுக் கீழே கவனிப்பது. ஆனால் அந்த ஓர் அங்குலம் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 25 கிலோ பாரம். கம்பிக்கோடுகள் தெரியும், பொள்ளல் கேட்கும் தளத்தில் இதைச் செய்யக்கூடாது. உங்கள் பின்னறையில் தட்டிப் பார்க்கும் முன் நிச்சயமாக வேண்டாம்.

பாரம் பற்றிய இந்தப் பேச்சு எனக்கு முக்கியம். ஒழுக்குக்கு மருந்தாக மேலே இன்னொரு படை கொங்கிறீட் போடுவது நம் ஊரில் பெரிய வழக்கம். இரண்டு அங்குலப் படை ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 115 கிலோ. 10க்கு 10 அடி அறைக்கு மேலே அது ஒரு தொன்னைத் தாண்டும். கம்பி அரித்த தளத்தின் தலையில் ஒரு தொன்னை ஏற்றுவதை யாராவது சிகிச்சை என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். இதற்கு முன்பே ஒரு படை போட்டிருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேட்டு வையுங்கள்; தளத்தின் ஓரத்தில் தடிப்பு எத்தனை அங்குலம் என்று அளந்தாலும் தெரிந்துவிடும்.

இப்போது மார்கழி வரை மழைக்குள் என்ன செய்ய முடியும்? நிரந்தர வேலை ஒன்றும் செய்யாதீர்கள். மழையில் ஊறிய தளத்தில் பூச்சு சரியாகப் பிடிக்காது. வெயில் வந்ததும் அடியில் இருந்த ஈரம் ஆவியாகி அதைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். பீலியையும் பைப்வாயையும் துப்புரவாக்கி, ஐயமான மூலையைப் படங்கால் (தார்ப்பாயால்) மூடுங்கள். படங்கு கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே விழ வேண்டும்; நடுவில் தண்ணீர் தேங்காதபடி அடியில் ஒரு பலகை வைத்துச் சரிவு கொடுக்க வேண்டும். கூரையில் ஏறுவது அம்மாவின் வேலையல்ல. பாசி பிடித்த தளமும் நனைந்த ஓடும் இளைஞரையே விழுத்தும். கூரையில் அஸ்பெஸ்டஸ் சீற் எங்காவது இருந்தால் அதன் மேல் நேராகக் கால் வைக்கக்கூடாது. பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். அதை உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் துளைப்பதும் உடைப்பதும் சுவாசத்துக்கு ஆகாத தூசைக் கிளப்பும்.

ஓட்டுப் பகுதியில் பலகைச் சீலிங் அல்லது ஜிப்சம் சீலிங் வயிறு தள்ளித் தொங்கினால் அதன் மேல் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். மின்சாரத்தை நிறுத்தி, கீழே பெரிய பாத்திரம் வைத்து, ஒரு பக்கமாக நின்றுகொண்டு நீளக் கம்பியால் சிறு துளை போட்டு நீரை இறக்குங்கள். தானாக உடைந்து விழுந்தால் முழுப் பலகையும் வரும்.

நிரந்தர வேலைக்கு மாசி, பங்குனியைக் குறித்து வையுங்கள். தளம் நன்றாகக் காய்ந்திருக்கும், அடுத்த மழைக்கு நேரமும் இருக்கும். அப்போது முதலில் உள்ளே பொள்ளலான சீமெந்தை முழுவதும் தட்டிக் கழற்ற வேண்டும், தளத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு. கம்பியின் பின்புறமும் தெரியும்வரை கொத்தி, கம்பித்தூரிகையால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பிறகே பொலிமர் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும். துருவின் மேலேயே பூசிவிடும் மேசனை நிறுத்துங்கள். கம்பி கால்பங்குக்கு மேல் மெலிந்திருந்தால் மேசனின் கையில் முடியும் வேலையல்ல. ஒரு கட்டட எஞ்ஜினியர் நேரில் பார்க்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் காசு வீண்செலவல்ல.

மேலே, வெடிப்புகளை வாய்விரித்து அடைத்து, சுவரும் தளமும் சேரும் மூலைகளில் சாந்தால் சாய்வாக ஓரம் கட்டி, தேங்கும் குழிகளை நிரப்பி வாயை நோக்கிச் சரிவு எடுக்க வேண்டும்: எட்டு அடிக்கு ஓர் அங்குலம் போதும். புதிய சாந்துக்கு ஏழு நாளாவது ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். பங்குனி வெயிலில் இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். அது காய்ந்த பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு முறை, ஒன்று நெடுக்காகவும் மற்றது குறுக்காகவும். மூலைகளில் வலைத்துணி பதித்து, சுவரில் ஓர் அடி உயரம்வரை ஏற்றுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் பூச்சு பிடிக்கும் முன்பே காய்ந்துவிடும், காலையில் செய்யட்டும். ஓட்டுப் பொருத்தில் உள்ள பீலியையும் தகட்டையும் அதே நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு மேற்பார்வைதான் சிரமம். ஒவ்வொரு கட்டமும் மூடப்படும் முன் படம் அனுப்பச் சொல்லுங்கள்: தேய்த்த கம்பி, அடைத்த வெடிப்பு, முதல் பூச்சு. படம் வந்த பிறகு அந்தக் கட்டத்துக்கான காசு. நல்ல மேசனுக்கு இதில் கோபம் வராது. எல்லாம் முடிந்து தளம் காய்ந்ததும், எஞ்ஜினியர் தளம் தாங்கும் என்று சொன்னால், ஓர் அங்குலத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திப் பார்த்து, உள்ளே பென்சில் கோட்டுக்கு வெளியே ஈரம் வரவில்லை என்று அம்மா சொல்லட்டும். அதற்குப் பிறகு, கறையை மூடும் எண்ணெய்ப் பிரைமர் ஒரு பூச்சும் அதன் மேல் பெயின்டும் அடிக்க, நீங்கள் முதலில் கேட்ட அந்தக் காசை அனுப்புங்கள்.